காப்புரிமை மேல்முறையீடும் கோப்பின் கணக்கும்

நிராகரிக்கப்பட்ட காப்புரிமை விண்ணப்பம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒருவர் வழக்கறிஞரான என்னிடம் வரும்போது, நான் முதலில் அவருடைய கண்டுபிடிப்பைப் பற்றிக் கேட்பதில்லை. காப்புரிமை அலுவலகம் தன் ஆட்சேபங்களைச் சொல்லி அனுப்பும் முதல் ஆய்வறிக்கை, அதற்கு அளித்த பதில், விசாரணை அறிவிப்பு, விசாரணைக்குப் பின் தந்த எழுத்துபூர்வ வாதம், நிராகரிப்பு உத்தரவு ஆகிய ஐந்தையும் தேதி வரிசையில் மேசைமீது அடுக்கச் சொல்கிறேன். விசாரணை அறிவிப்பை இடப்பக்கமும் உத்தரவை வலப்பக்கமும் வைத்து, சிவப்புப் பென்சிலால் வரிவரியாக ஒப்பிட்டுக்கொண்டு வருவேன். பெரும்பாலான மேல்முறையீடுகளின் தலைவிதி அந்த ஒரு மணி நேரத்தில் எனக்குத் தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலைக் குழாய்களுக்கான வால்வு ஒன்றை வடிவமைத்த சிறுதொழில் உரிமையாளர் ஒருவர் அப்படித்தான் வந்தார். விசாரணை அறிவிப்பில் மூன்று முன்னாவணங்கள், அதாவது அதே துறையில் முன்பே வெளியான ஆவணங்கள், குறிக்கப்பட்டிருந்தன: டி1, டி2, டி3. மூன்றுக்கும் அவருடைய காப்புரிமை முகவர் விரிவாகவே பதில் எழுதியிருந்தார். உத்தரவின் ஒன்பதாம் பக்கத்தில் திடீரென டி4 என்றொரு ஆவணம் தலைகாட்டியது. டி1, டி4 ஆகிய இரண்டையும் சேர்த்துப் படித்தால் இந்த வால்வு துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றக்கூடியதே என்று உத்தரவு முடிந்திருந்தது. டி4-ஐ வட்டமிட்டு அவரிடம் காட்டினேன். “சார், இந்த நாலாவது பேப்பரை இன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் மேல்முறையீட்டின் முதல் காரணம் முழுமையாக அடங்கியிருந்தது.

1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, விண்ணப்பத்துக்குப் பாதகமான ஆட்சேபங்களின் சாரத்தை, காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கட்டுப்பாட்டாளர் விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும், விண்ணப்பதாரர் கேட்டுக்கொண்டால் அவரை நேரில் கேட்க வாய்ப்பளிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஒருவருக்குப் பாதகமாகத் தம் விருப்புரிமையைப் பயன்படுத்துவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும் என்று 80-ஆம் பிரிவு இன்னும் பொதுவாகக் கூறுகிறது. தெரிவிக்கப்படாத ஆவணத்தை அடிப்படையாகக் கொண்டு நிராகரிப்பது இந்த இரண்டு பிரிவுகளுக்கும் முரணானது. டில்லி உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் இந்தக் காரணத்துக்காகப் பல உத்தரவுகளை ரத்துசெய்திருக்கின்றன. ஆனால் 14-ஆம் பிரிவில் உள்ள ‘கேட்டுக்கொண்டால்’ என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. முதல் ஆய்வறிக்கைக்கு எழுதும் பதிலின் கடைசி வரியில், ஆட்சேபம் ஏதேனும் எஞ்சியிருந்தால் எங்களை நேரில் கேட்க வேண்டும் என்று எழுதாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரி கோப்பில் இல்லாவிட்டால், பின்னர் இயற்கை நீதி மீறப்பட்டது என்று வாதிடும்போது குரல் தானாகவே தாழ்ந்துவிடும்.

உத்தரவில் காரணங்கள் எவ்வளவு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது அடுத்த கேள்வி. 2022 மார்ச் மாதம் டில்லி உயர் நீதிமன்றம் அக்ரிபோர்டு வழக்கில் அளித்த தீர்ப்பு இதற்கு இன்று எல்லோரும் எடுத்துக்காட்டுவது. புத்தாக்கப் படி இல்லை, அதாவது துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றக்கூடியதே, என்று நிராகரிக்கும்போது முன்னாவணம் எதை வெளிப்படுத்துகிறது, விண்ணப்பத்தில் உள்ள கண்டுபிடிப்பு எது, முன்னதிலிருந்து பின்னது துறை வல்லுநருக்கு எவ்வாறு எளிதில் தோன்றும் என்ற மூன்றையும் கட்டுப்பாட்டாளர் ஆராய்ந்து எழுத வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு வகுத்தது. ‘எளிதில் தோன்றக்கூடியது’ என்று முடிவை மட்டும் எழுதினால் போதாது. நடைமுறையில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது மூன்றாவது கூறுதான். முன்னாவணத்தின் பத்திகளை நீளமாக எடுத்து ஒட்டிவிட்டு, எதற்குக் காப்புரிமை வேண்டும் என்று விண்ணப்பதாரர் வரையறுத்த கோரிக்கைகளையும் அப்படியே ஒட்டிவிட்டு, இரண்டுக்கும் இடையில் பாலமே போடாத உத்தரவுகள் இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டியது, காப்புரிமைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பழைய தீர்ப்பு. 1977-இல் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, ஓர் உத்தரவு அதில் சொல்லப்பட்ட காரணங்களைக் கொண்டே நிற்கவோ விழவோ வேண்டும், பிற்பாடு பிரமாணப் பத்திரத்தின் வழியே புதுக் காரணம் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது என்று கூறியது. மேல்முறையீட்டு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உத்தரவில் இல்லாத ஒரு விளக்கத்தைச் சொல்லத் தொடங்கும்போது, இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவர் பதற வேண்டியதில்லை. அதே நியாயம் நம் பக்கமும் பாயும் என்பதையும் மறக்கக்கூடாது. கட்டுப்பாட்டாளர் முன் சொல்லாத தொழில்நுட்ப வாதத்தை உயர் நீதிமன்றத்தில் முதன்முறையாகச் சொல்லும்போது, அது ஏன் எழுத்துபூர்வ வாதத்தில் இல்லை என்ற கேள்விதான் நீதிபதியிடமிருந்து முதலில் வரும்.

விசாரணை முடிந்த 15 நாள்களுக்குள் எழுத்துபூர்வ வாதத்தைத் தாக்கல் செய்ய விதிகள் இடமளிக்கின்றன. இன்று விசாரணைகள் பெரும்பாலும் காணொலி வழியே நடக்கின்றன. அதில் பேசியதற்கு விண்ணப்பதாரரின் கையில் எஞ்சும் சாட்சி இந்த எழுத்துபூர்வ வாதம் ஒன்றுதான். விசாரணையில் அதிகாரி புதிதாக ஏதாவது கேட்டிருந்தால், ‘விசாரணையின்போது கட்டுப்பாட்டாளர் இன்னதைக் கேட்டார், அதற்கு எங்கள் பதில் இது’ என்று அதில் எழுதிவைக்க வேண்டும். வால்வு வழக்கில் முகவர் அப்படி எழுதியிருந்தார். விசாரணையில் எழுந்த கேள்விகள் அனைத்தையும் வரிசையாகக் குறித்திருந்தார், அவற்றில் டி4 பற்றிய பேச்சே இல்லை. அந்த ஆவணம் விசாரணையில் பேசப்பட்டது என்று பின்னர் யாரும் சொல்ல முடியாமல்போனதற்கு அந்த எழுத்துபூர்வ வாதமே காரணம்.

மேல்முறையீட்டுக்கு உரிய உத்தரவு எது என்பதிலேயே பலர் தடுக்கி விழுகிறார்கள். கட்டுப்பாட்டாளர் பிறப்பிக்கும் எல்லா உத்தரவையும் எதிர்த்து மேல்முறையீடு செய்துவிட முடியாது. எந்தெந்தப் பிரிவுகளின் கீழ் வரும் உத்தரவுகளுக்கு மேல்முறையீடு உண்டு என்று 117ஏ பிரிவு ஒரு பட்டியல் தருகிறது. 15-ஆம் பிரிவின்படி விண்ணப்பத்தை நிராகரிப்பது, 16-ஆம் பிரிவின்படி, மூல விண்ணப்பத்திலிருந்து பிரித்துத் தாக்கல் செய்யும் ‘பிரிவு விண்ணப்பம்’ குறித்து முடிவெடுப்பது, காப்புரிமை வழங்கியபின் எழும் எதிர்ப்பில் 25(4)-இன்படி தீர்ப்பது போன்றவை அதில் உண்டு. உரிய காலத்தில் தேவைகளை நிறைவேற்றாததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும் என்று சொல்லும் 21-ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. எனவே ‘கைவிடப்பட்டதாகக் கருதப்படுகிறது’ என்ற அறிவிப்பு வந்தால் மேல்முறையீடு கிடையாது. அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின்கீழ் ரிட் மனுதான் வழி.

இந்த வேறுபாடு எவ்வளவு விலை கேட்கும் என்பதற்கு ஃபெரீத் அல்லானியின் விண்ணப்பத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. கணினி நிரல் சார்ந்த கண்டுபிடிப்புகள் பற்றிய சட்டக் கருத்துக்காக அந்த வழக்கை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னை உறங்கவிடாமல் செய்வது அதன் நாள்காட்டிதான். விண்ணப்பம் இந்தியாவில் 2002-இல் தாக்கலானது. ஆய்வறிக்கைக்குப் பதில் தரப்பட்டிருந்தும் அது கைவிடப்பட்டதாக நடத்தப்பட்டது. டில்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, 2008-இல்தான் அது கைவிடப்பட்டதாகாது என்ற உத்தரவு கிடைத்தது. மீண்டும் ஆய்வு, மீண்டும் நிராகரிப்பு. அப்போது காப்புரிமை மேல்முறையீடுகளை விசாரித்துவந்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2013-இல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மறுபடியும் ரிட். 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. 2020-இல்தான் விண்ணப்பதாரருக்குச் சாதகமான முடிவு வாரியத்திலிருந்து வந்தது. காப்புரிமையின் ஆயுள் தாக்கல் தேதியிலிருந்து 20 ஆண்டு. பன்னாட்டு விண்ணப்பத்தின் வழியே வந்ததென்றால் பன்னாட்டுத் தாக்கல் தேதியிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடும். இந்தியாவில் தாக்கல் செய்து 18 ஆண்டு கழித்து வெற்றி பெற்றவரின் கையில் மிஞ்சியது என்ன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதில் கணிசமான பகுதி, கண்டுபிடிப்பின் தகுதியைப் பற்றிய வாதம் தொடங்கும் முன்பே, பதில் தந்தாரா இல்லையா என்ற நடைமுறைக் கேள்வியில் கரைந்தது.

பதில் தந்திருந்தால், அந்தப் பதில் அதிகாரிக்குத் திருப்தியளிக்காவிட்டாலும், அது கைவிடுதல் ஆகாது, 15-ஆம் பிரிவின்கீழ் காரணம் சொல்லி நிராகரிக்கத்தான் வேண்டும் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2010-இல் எரிக்சன் வழக்கில் தெளிவாக்கியது. வார்த்தை விளையாட்டுப் போலத் தெரியலாம். ஆனால் நிராகரிப்பு என்றால் மேல்முறையீடு உண்டு, கைவிடுதல் என்றால் இல்லை. கட்சிக்காரருக்கு இருக்கும் கதவுகளின் எண்ணிக்கையையே அந்தப் பெயர் தீர்மானிக்கிறது. ஆகவே பதில் முழுமையாகத் தயாராகாத நிலையிலும், காலக்கெடுவுக்குள் ஆட்சேபம் ஒவ்வொன்றையும் தொட்டு ஒரு பதிலைத் தாக்கல் செய்துவிடுங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஆய்வறிக்கைக்குப் பதில் தர 6 மாதம், விண்ணப்பித்துப் பெற்றால் மேலும் 3 மாதம் என்பது விதி.

முகவரின் அலட்சியத்தால் கெடு தவறியபோது நீதிமன்றம் இரங்கிய வழக்குகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விண்ணப்பங்கள் தொடர்பாக 2022 மே மாதம் டில்லி உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அத்தகையது. விண்ணப்பத்தைக் கைவிடும் எண்ணம் விண்ணப்பதாரருக்கு இருந்ததில்லை, முகவரிடம் அவர் தொடர்ந்து விசாரித்துவந்தார் என்பது கடிதங்களிலிருந்து தெரிந்ததால், விண்ணப்பங்களுக்கு மீண்டும் உயிர் கிடைத்தது. அந்தத் தீர்ப்பைப் படிக்கும் பலர், முகவரின் தவறுக்குக் கட்சிக்காரர் பொறுப்பில்லை என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். உண்மையில் அவர்களைக் காப்பாற்றியது, விசாரித்து எழுதிய கடிதங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முகவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி நிலவரம் கேட்பதும், காப்புரிமை அலுவலக இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைத் தட்டி நிலையைப் பார்ப்பதும் எந்தக் கண்டுபிடிப்பாளரும் தாமே செய்துகொள்ளக் கூடியவை.

இனி, நானே செய்த தவறு ஒன்று. 117ஏ(4) பிரிவின்படி மேல்முறையீட்டை மூன்று மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மூன்று மாதம் ‘முடிவின் தேதியிலிருந்து’ என்றே சட்டம் எழுதியிருக்கிறது. தொழிலுக்கு வந்த ஆரம்ப ஆண்டுகளில், உத்தரவு மின்னஞ்சலில் எங்களுக்கு வந்த தேதியை நாள்குறிப்பில் எழுதி, அதிலிருந்து மூன்று மாதம் எண்ணினேன். உத்தரவில் இருந்த தேதி அதற்கு 19 நாள் முந்தையது. தட்டச்சு முடிந்து கையெழுத்துக்கு வந்தபோதுதான் மூத்த வழக்கறிஞர் முதல் பக்கத்தின் தேதியைத் தொட்டுக்காட்டினார். அந்த விரல் எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்தோம், நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. கூடுதல் காலம் அளிக்க அந்த உட்பிரிவே உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. ஆனால் முதல் சில வாய்தாக்கள் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் என் 19 நாளைப் பற்றியே போயின. கட்சிக்காரர் அத்தனை வாய்தாவுக்கும் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

தாமத மனு எழுதும்போது காரணத்தை உள்ளபடியே, தேதிகளோடு எழுதுவதுதான் நல்லது. ‘நிர்வாகக் காரணங்களால்’ என்ற பொத்தாம்பொதுவான வரியால் எந்த நீதிபதியையும் நம்பவைக்க முடியாது. அரசுத் துறைகளுக்குக்கூட அந்தச் சலுகை கிடையாது என்று 2012-இல் லிவிங் மீடியா வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகவே சொன்னது.

சீராய்வு மனுவால் வரும் சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 77-ஆம் பிரிவு தம் உத்தரவைத் தாமே சீராய்வு செய்யக் கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரம் தருகிறது. உத்தரவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மனு கொடுக்க வேண்டும், இன்னொரு மாதம் நீட்டிப்பு கேட்கலாம். செலவு குறைவு என்பதால் பலர் முதலில் அங்கே போகிறார்கள். முடிவு வரட்டும், பிறகு மேல்முறையீட்டைப் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறார்கள். சீராய்வு தள்ளுபடியானால் மூல உத்தரவு அதில் இணைந்துவிடுவதில்லை, மூல உத்தரவைத்தான் எதிர்க்க வேண்டும் என்ற கொள்கையை 2012-இல் டி.எஸ்.ஆர். ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. அதாவது, நாம் சீராய்வின் முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் மூல உத்தரவின் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். உத்தரவில் கண்ணுக்குத் தெரியும் பிழை, அதாவது வேறொரு விண்ணப்பத்தின் கோரிக்கையை மாற்றி எழுதியது, தாக்கலான பதிலைப் பார்க்காமலே விட்டது போன்றவை, இருந்தால் சீராய்வு பயன்தரும். தகுதி பற்றிய கருத்து வேறுபாட்டுக்கு அது இடமல்ல. எப்படியானாலும் மேல்முறையீட்டுக்கான மூன்று மாதத்தை நாள்குறிப்பிலிருந்து அழிக்கக்கூடாது.

எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவது? அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2003-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. 2007 முதல் காப்புரிமை மேல்முறையீடுகளையும் அதுவே விசாரித்தது. 2021 ஏப்ரலில் அவசரச் சட்டத்தின் மூலம் அது கலைக்கப்பட்டபோது மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்துசேர்ந்தன. கொல்கத்தா, டில்லி, மும்பை, சென்னை என நான்கு காப்புரிமை அலுவலகங்கள் உள்ள நாட்டில், சென்னையில் தாக்கலான விண்ணப்பத்தை வேறு ஊரில் இருக்கும் அதிகாரி ஆய்வு செய்து நிராகரிப்பது இன்று சாதாரணம். அதிகாரி எந்த ஊரில் அமர்ந்திருக்கிறார் என்பது பொருட்டல்ல, விண்ணப்பத்துக்கு உரிய அலுவலகம் எதுவோ அதன் எல்லைக்குட்பட்ட உயர் நீதிமன்றமே மேல்முறையீட்டை விசாரிக்கும் என்று டாக்டர் ரெட்டீஸ் வழக்கில் 2022 நவம்பரில் டில்லி உயர் நீதிமன்றம் கூறியது. பெங்களூருவில் இருக்கும் விண்ணப்பதாரருக்கும் கொச்சியில் இருப்பவருக்கும் உரிய அலுவலகம் சென்னையில்தான் என்பதால், அவர்களும் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வருகிறார்கள். அங்கே அறிவுசார் சொத்துரிமைப் பிரிவு 2023-இல் தனியாகவே செயல்படத் தொடங்கியது. தவறான நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, திரும்பப் பெற்று, மறுபடி தாக்கல் செய்வதற்குள் அந்த மூன்று மாதம் கரைந்துவிடும்.

எதிர்ப்பாளர்களின் நிலை வேறு. காப்புரிமை வழங்கப்படும் முன் யார் வேண்டுமானாலும் 25(1)-இன்கீழ் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆனால் அந்த எதிர்ப்பு தள்ளுபடியானால் எதிர்ப்பாளருக்கு மேல்முறையீடு இல்லை. வழங்கியபின் ஓராண்டுக்குள் எதிர்க்கும் வழி திறந்திருக்கும்போது ரிட் மனுவும் பொதுவாக ஏற்கத்தக்கதல்ல என்று 2010-இல் யு.சி.பி. ஃபார்ச்சிம் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. எதிர்ப்பு ஏற்கப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் விண்ணப்பதாரருக்கு மேல்முறையீடு உண்டு. இருவருக்கும் சமமான தராசு இல்லையே என்று எதிர்ப்பாளர்கள் குறைப்படுவது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் எதிர்ப்பாளரின் கையில் அடுத்தடுத்து ஆயுதங்கள் இருக்கின்றன என்பதே நீதிமன்றத்தின் பார்வை. அந்த ஆயுதங்களையும் ஒரே நேரத்தில் ஏந்த முடியாது. வழங்கியபின் எதிர்ப்பு, ரத்து மனு, காப்புரிமை மீறல் வழக்கில் எதிர்க்கோரிக்கை ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றவற்றின் கதவு மூடும் என்று 2014-இல் வோபன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. விண்ணப்பதாரருக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நடக்கும் ஆய்வு விசாரணையில் தம்மையும் கேட்க வேண்டும் என்று வழங்குவதற்கு முந்தைய எதிர்ப்பாளர் உரிமை கோர முடியாது என்பது 2024 ஜனவரியில் நோவார்ட்டிஸ், நாட்கோ நிறுவனங்களுக்கிடையிலான வழக்கில் டில்லி உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு சொன்னது. மருந்து நிறுவனங்கள் மட்டுமின்றி, நோயாளிகளுக்காக எதிர்ப்பு மனு போடும் அமைப்புகளும் இந்தத் தீர்ப்பைப் படித்தே ஆக வேண்டும். சொல்ல வேண்டியதை எல்லாம் எதிர்ப்பு மனுவிலேயே, சான்றோடு சொல்லியாக வேண்டிய நிலையை அது உருவாக்கியிருக்கிறது.

கோரிக்கைகளைத் திருத்துவது பற்றி. 59-ஆம் பிரிவு, கோரியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்கும் கைதுறத்தல், பிழைதிருத்தம், விளக்கம் என்ற மூன்று வழிகளில் மட்டுமே திருத்தத்தை அனுமதிக்கிறது. திருத்திய கோரிக்கை பழைய கோரிக்கையின் எல்லைக்குள் முழுவதும் அடங்க வேண்டும். சிகிச்சை முறை என்று எழுதியிருந்ததைச் சாதனம் என்று திருத்தியதை ஏற்க மறுத்த உத்தரவை, கண்டுபிடிப்பை விளக்கும் முழு விவரணத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கூறி 2023 ஜனவரியில் அலெர்கன் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. மேல்முறையீட்டு நிலையிலும் திருத்தம் கோரலாம் என்ற போக்கு வளர்ந்துவருகிறது. இருந்தாலும் நான் அதை நம்பி யாரையும் காத்திருக்கச் சொல்வதில்லை. முதன்மைக் கோரிக்கையோடு, அது ஏற்கப்படாவிட்டால் இது என்று குறுக்கிய மாற்றுக் கோரிக்கைத் தொகுப்பையும் கட்டுப்பாட்டாளர் முன்பே வைத்துவிட்டால், மேல்முறையீட்டில் அது ‘புதிது’ ஆகாது. புதிய சான்றுக்கும் இதே கதைதான். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 41, விதி 27, மேல்முறையீட்டில் கூடுதல் சான்றை ஏற்பதற்கு நுழைவாயிலை மிகவும் ஒடுக்கி வைத்திருக்கிறது. முன்பே கையில் இருந்த ஆய்வகச் சோதனை முடிவைப் பின்னால் நீட்டுபவருக்கு அந்த வாயில் திறப்பதரிது.

ஒரு சட்டக் கேள்வியில் தோற்றுவிட்டோம் என்று அதை விட்டுவிடவும் கூடாது. மூல விண்ணப்பத்தின் கோரிக்கைகளிலேயே பல கண்டுபிடிப்புகள் இருந்தால்தான் பிரிவு விண்ணப்பம் தாக்கல் செய்யலாம் என்று 2022 ஜூலையில் போரிங்கர் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி கூறினார். அதை வைத்துப் பல பிரிவு விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. 2023 அக்டோபரில் சின்ஜெண்டா வழக்கில் இரு நீதிபதிகள் அமர்வு, விவரணத்தில் பல கண்டுபிடிப்புகள் வெளிப்படுத்தப்பட்டிருந்தாலே போதும் என்று அதை மாற்றியது. இடைப்பட்ட 15 மாதத்தில், எப்படியும் தள்ளுபடியாகும் என்று மேல்முறையீடு செய்யாமல் விட்டவர்களுக்கும், ஒரு பத்தியளவாவது எழுதி அந்தக் கேள்வியை உயிரோடு வைத்திருந்தவர்களுக்கும் கிடைத்த முடிவுகள் வேறுவேறு.

மீறல் வழக்குகளில் இடைக்காலத் தடையை எதிர்த்து வரும் மேல்முறையீடுகள் தனி உலகம். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓர் உருளையில் இரண்டு தீப்பொறிச் செருகிகள் கொண்ட எஞ்சின் பற்றி பஜாஜுக்கும் டி.வி.எஸ்ஸுக்கும் சென்னையில் நடந்த வழக்கில், 2008-இல் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2009 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தடை சரியா தவறா என்ற சண்டைக்குள் போகாமல், அறிவுசார் சொத்து வழக்குகளை அன்றாடம் விசாரித்து வழக்கமாக நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று கூறி, மூல வழக்கையே விரைந்து முடிக்க உத்தரவிட்டது. இடைக்கால உத்தரவை எதிர்த்து ஒவ்வொரு படியாக ஏறுவதைவிட, சாட்சி விசாரணைக்குத் தயார் என்று முதல் நாளே நிற்பது பல வழக்குகளில் சுருக்கு வழியாக இருக்கும்.

மறுபடியும் வால்வுக்கு வருகிறேன். டி4 என்ற ஒரே காரணத்தால் உத்தரவு ரத்தானது. வேறோர் அதிகாரி, மூன்று ஆவணங்களோடு டி4-ஐயும் குறிப்பிட்டுப் புதிதாக விசாரணை அறிவிப்பு அனுப்பி, குறிப்பிட்ட மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. நடைமுறைப் பிழையைக் காட்டி வெல்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இத்தகைய திருப்பி அனுப்புதல்தான். காப்புரிமை கிடைத்துவிடாது. வெற்றிச் செய்தியைத் தொலைபேசியில் சொல்லும்போதே இதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் கட்சிக்காரர், சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்பார், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது மிகவும் கடினம்.

ஆயுளில் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்ட விண்ணப்பங்களில் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கவே கூடாது என்பது என் கருத்து. முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்மைகளுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் சென்று தானே முடிவெடுக்கலாம். ஆவணங்கள் எல்லாம் கோப்பில் இருக்கின்றன, தொழில்நுட்பக் கேள்வி ஒன்றே ஒன்றுதான், மீதமிருக்கும் ஆயுள் இத்தனை ஆண்டு என்று மேல்முறையீட்டு மனுவின் முதல் பத்தியிலேயே எழுதி, வேண்டுதல் பத்தியில் ‘இம்மாண்பமை நீதிமன்றமே தீர்மானிக்க’ என்று முதன்மையாகவும், ‘அல்லது திருப்பி அனுப்ப’ என்று மாற்றாகவும் கேட்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக எழுதிய மனுக்கள்தான் அதிகம். கேட்டது கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனால் கேட்காததை நீதிமன்றம் தானாக முன்வந்து தருவது அரிது. வால்வு வழக்கில் நான் அப்படிக் கேட்கவில்லை. அது வலுவான வழக்கு, திருப்பி அனுப்பினாலும் விரைவில் முடியும் என்று நினைத்துவிட்டேன். முடிய ஒன்றரை ஆண்டாயிற்று.

கடைசியில் காப்புரிமை வழங்கப்பட்டது. முந்தைய ஆண்டுகளுக்கான புதுப்பிப்புக் கட்டணங்கள் மொத்தமாகச் சேர்ந்திருந்தன. காப்புரிமை பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அவற்றைக் கட்ட வேண்டும் என்று சொல்ல அவரை வரவழைத்தேன். தாக்கல் செய்து ஒன்பது ஆண்டு முடிந்திருந்தது, பதினொன்று மீதம். இடைப்பட்ட காலத்தில் இதே வால்வை வேறொருவர் செய்து விற்றாரே, அதற்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். 11ஏ(7) பிரிவைக் காட்டினேன். விண்ணப்பம் வெளியிடப்பட்ட நாளிலிருந்தே உரிமை உண்டு, வழக்குத் தொடுப்பதற்குத்தான் காப்புரிமை கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் பையிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்து மேசைமீது வைத்தார். வெளியீட்டுக்குப் பின் சந்தையில் வந்த அந்த வால்வின் விலைப்பட்டியல்களும் பில்களும் தேதி வாரியாகத் துளையிட்டுக் கோக்கப்பட்டிருந்தன, ஒவ்வொன்றின் மூலையிலும் அது எங்கே, யார் மூலம் கிடைத்தது என்று பென்சிலில் எழுதியிருந்தார். நான் என் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.